அந்தப் பிரம்பை எடுத்தவன் நீ

என் பிரியத்துக்குரிய மச்சான் குருசாமிக்கு,

உன்னைக் காட்டுக்குள் மட்டும்தான் 'ஏலே' என்று கூப்பிட்டிருக்கிறேன். ஊருக்குள், அதுவும் உன் தங்கச்சி மாரியை நான் கட்டிக்கொண்ட பிறகு, மச்சான் என்ற மரியாதைதான். நீயும் அப்படித்தானே? வீட்டு வாசலில் நாலு பேர் முன்னால் "வாங்க மாப்ள, சாப்பிட்டீகளா" என்பாய். மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "ஏலே சுந்தரம், செருப்ப மாத்துலே" என்று ஆரம்பித்துவிடுவாய். இந்தக் கடிதத்தில் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு நாளாகப் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மச்சான் என்றே எழுதுகிறேன். ஏலே போடுகிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. காலண்டர் சீசனில், பிரஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு உன்னிடம் சொல்ல எனக்குப் பெரிதாகச் செய்தி எதுவும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீ மலையிலிருந்து கொண்டுவந்தாயே ஒரு பிரம்பு, அது புது இனம். உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத பிரம்பு. நீ அன்றைக்கே சொன்னது சரி. கெட்ட செய்தி, அதற்கு என் பெயரை வைக்கப் பார்த்தார்கள். அதைவிடக் கெட்டது, நான் சரி என்று சொன்னேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத் தாவரவியல் படித்தோம். உன் அப்பா படுத்த படுக்கையானதும் நீ எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டுவிட்டு, சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் மேலே படித்தேன். நம் மேற்கு மலையில் வளரும் பனைக் குடும்பத்துச் செடிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. பிரம்பும் பனைக்குச் சொந்தம்தான் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நாற்காலி பின்னுகிற பிரம்பு, வாத்தியார் கையில் இருந்த பிரம்பு, எல்லாமே காட்டில் மரத்தைப் பிடித்து ஏறுகிற ஒரு பனைதான். படிப்பை விட்டாலும் செடியை நீ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் என்னோடு மலைக்கு வந்துவிடுவாய்.

பிரம்பு கிடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். செண்பகத்தோப்பில் வனக்காவலர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஓடையோரமாக நடந்தோம். பாதையில் யானை லத்தி கிடந்தது. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து முட்டி வலிக்கிறது என்றேன்.

"ஏலே, முட்டியா பயமா?" என்று சிரித்தாய்.

"முட்டிதாம்லே. நெசமா."

"சரி, நீ இங்கனயே இரு. நானும் இவரும் மேல போயிட்டு வாரோம். பிரம்பு தட்டுப்பட்டா கொண்டாரேன்."

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் நீ இறங்கி வந்தாய். சட்டையெல்லாம் கிழிந்து, இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். தோளில் ஒரு முழ நீளத்துக்குப் பிரம்புத் தண்டு, முள் உறையோடு. பூங்கொத்து வேறு, இலை வேறு, மரத்தைப் பிடித்து ஏறுகிற கொக்கிச் சாட்டை வேறு என்று துண்டில் சுற்றிக் கட்டி வைத்திருந்தாய்.

பிரம்பில் எல்லோரும் இலையை மட்டும் அறுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தண்டைச் சுற்றிக் குழாய் மாதிரி இறுகியிருக்கும் இலை உறையில்தான் அவ்வளவு முள்ளும் இருக்கும். அதைத் தொட யாருக்கும் மனசு வராது. ஆனால் எந்த இனம் என்று காட்டிக்கொடுப்பது அந்த முள்தான். அதை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுப்பது, முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் போட்டோ பிடிப்பது போலத்தான். நான் படித்த படிப்பு அது. செய்தவன் நீ.

"முள்ளப் பாருலே" என்றாய். "நம்ம வழக்கமா பாக்குற பிரம்புல கண்ட மேனிக்கு நிக்கும். இது வரிசையா, சாஞ்சு சாஞ்சு, சரவெடி பின்னுன மாதிரி நிக்குது. இது வேற பிரம்புலே. பக்கத்துலயே ஒண்ணு காய்ச்சு நின்னுச்சு. ஒசரம்னா அம்புட்டு ஒசரம், எட்டல. அடுத்த தடவ நீயும் வா, எடுத்துருவோம்."

பிரம்பில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நீ கொண்டுவந்தது ஆண், காய்த்து நின்றது பெண். பெண் செடி எங்கே நிற்கிறது என்று நீயே சொல்கிறாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "என்னலே, லேபிள் அடிக்கிற ஆளு இனம் பிரிக்க ஆரம்பிச்சாச்சா?" என்றேன். நீ சிரித்தாய். காவலரும் சிரித்தார். கீழே உட்கார்ந்திருந்தவன் மேலே ஏறி வந்தவனைக் கேலி செய்தது அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு இப்போது உறுத்துகிறது.

அடுத்த தடவை நான் வரவே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு.

அந்தப் பிரம்பைக் காயவைத்ததும் நீதான். உங்கள் பிரஸ் மொட்டைமாடியில் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே பேப்பர் கட்டுகளை அடுக்கி. "மழையே பெய்யாத ஊரு. பட்டாசு காயவும் செடி காயவும்னே ஆண்டவன் படைச்சிருக்கான்" என்பாய். அதோடு விடவில்லை. காய்ந்த செடிகளை ஒட்டிவைக்கும் என் தாள்களில், செடியின் விவரம் எழுதி ஒட்ட ஐந்நூறு சீட்டும் அச்சடித்துக் கொடுத்தாய். கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிளில் பிழையாகிப்போன தாள்களை வெட்டி, பின்பக்கம் வெற்றாக இருந்த இடத்தில் நீயே ஈய எழுத்து கோத்து அடித்தது. ஒவ்வொரு சீட்டையும் திருப்பினால் மத்தாப்பு லேபிளில் இருந்த கிளிப் படம் பாதி தெரியும். இனம், இடம், உயரம், நாள் என்று வரி வரியாக விட்டிருந்தாய், பேனாவால் நிரப்பிக்கொள்ள. ஒரு வரியை மட்டும் நிரப்பியே கொடுத்தாய். 'சேகரித்தவர்: அ. சுந்தரம்.'

"ஒவ்வொண்ணுலயும் பேர எழுதி ஏன் கை கடுக்கணும்? அத நானே போட்டுட்டேன். நீ செடிய மட்டும் ஒட்டு மாப்ள."

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்.

ஆய்வேட்டில் வருகிற ஒவ்வொரு செடியையும் மாணவன் தன் கையால் எடுத்திருக்க வேண்டும் என்பதில் என் வழிகாட்டி கறார். உன் பிரம்பை ஒட்டிய அன்று, அச்சிட்ட என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் உன் பெயரை எழுதியிருக்க வேண்டும். பேனா கையில்தான் இருந்தது. போடவில்லை. 'இடம்' என்ற வரியில் நீ ஏறிப்போன இடத்தை எழுதினால், "அங்கே நீ ஏறினாயா?" என்று வழிகாட்டி என்னைக் கேட்பார். அதனால் நான் உட்கார்ந்திருந்த ஓடைக்கரையை எழுதினேன். 'இனம்' என்ற வரியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிரம்பின் பெயரைப் போட்டேன். புது இனம் என்றால் கேள்வி மேல் கேள்வி வருமே. ஒரு சின்னச் சீட்டில் மூன்று வரி, மூன்றும் பொய்.

நன்றியுரையில் உனக்கும் இடம் கொடுத்தேன். 'சீட்டுகளை அச்சிட்டு உதவிய நண்பர்' என்று. நீ அதைப் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லாம வந்திருக்கு மாப்ள" என்று மட்டும் சொன்னாய். நீ அந்தப் பிரம்புத் தாளைப் பார்த்தாயா மச்சான்? நான் வாத்தியாராக இருந்த நம் கல்லூரிக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாய், செடித் தாள் அலமாரியைத் திறந்திருக்கிறாய். பார்த்துவிட்டும் ஒன்றும் கேட்காமல், இரண்டு வருஷம் கழித்து உன் தங்கச்சியை எனக்குக் கொடுத்தாயா? பார்க்கவே இல்லையா? எது நடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றுகூடத் தெரியவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தாள் அலமாரிக்குள்ளேயே கிடந்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், பாச்சை உருண்டை போடவும் தூசி தட்டவும் அந்தத் தாள்கள் இருக்கும் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன வருஷம் ஷீபா என்று ஒரு ஆய்வாளர் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், பிரம்புகளைத் தவிர வேறு நினைப்பில்லாதவள். பனை அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். லென்ஸை வைத்து முள்ளையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சார், உறையோட எடுத்திருக்கீங்களே! யாரும் எடுக்க மாட்டாங்க. இது நீங்களே எடுத்ததா?"

"ஆமாம்மா" என்றேன்.

யோசிக்கவே இல்லை மச்சான். அவ்வளவு வருஷப் பழக்கம்.

நாலு மாதம் கழித்து போன் வந்தது. புது இனம்தான், சந்தேகமே இல்லை. ஒரு செடியைப் புதிது என்று உலகத்துக்கு அறிவிக்க ஒரு மூலத் தாள் வேண்டும். அந்த இனத்துக்கு என்றென்றைக்கும் சாட்சி அந்தத் தாள்தான். நம் கல்லூரித் தாளையே மூலத் தாளாக வைக்கப்போகிறார்களாம். முதலில் எடுத்தவர் என்ற முறையில் என் பெயரையே லத்தீன் வால் ஒட்டி இனத்துக்கு வைக்கப்போகிறார்களாம். "சம்மதமா சார்?" என்றாள். "எனக்கென்னம்மா, உங்க இஷ்டம்" என்றேன். தன்னடக்கமாம்.

கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், என் படம் இவ்வளவு பெரிதாக. மாரி இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்கு எடுத்து, என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பிரசாதத்தை என் கையில் வைத்து, "எங்கண்ணன் இருந்தா தெருவுக்கே முட்டாயி குடுத்திருக்கும்" என்றாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கியது. அதை நினைத்தால்தான் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

ஷீபாவுக்கு உயிரோடு நிற்கும் செடி வேண்டும். முக்கியமாகக் காயோடு உள்ள பெண் செடி. என் சீட்டில் உள்ள இடத்தை நம்பி அந்த ஓடைக்கரையை மூன்று தடவை நடந்து தேடியிருக்கிறாள். ஒரு பிரம்பும் இல்லை. எனக்குப் போன் செய்து கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அந்தப் பக்கமெல்லாம் வெட்டிட்டாங்கம்மா, என்ன செய்ய" என்றேன்.

இந்த ஒரு வாக்கியம் என்ன செய்தது தெரியுமா? இன்னும் வெளிவராத தன் கட்டுரையில் 'அந்த இடத்திலிருந்து அழிந்திருக்கலாம்' என்று அவள் எழுதிவிட்டாள். அதோடு போகவில்லை. பிரம்பை யார் வெட்டியது என்று ஷீபாவும் வனத்துறைக்காரர்களும் அடிவாரக் குடியிருப்பில் இருப்பவர்களை விசாரித்திருக்கிறார்கள். தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைக்கிற ஜனங்கள். அங்கே ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார்: "அந்த ஓடையில எந்தக் காலத்துலயும் பிரம்பு இருந்ததில்லையே தாயி. இல்லாதத நாங்க எப்படி வெட்ட?"

ஷீபா அதைப் போனில் கேட்கவில்லை. நேராக வீட்டுக்கே வந்தாள்.

மாரி டீயும் காராச்சேவும் கொண்டுவந்து வைத்தாள். ஷீபா தன் கம்ப்யூட்டரைத் திறந்து, முள் உறையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். மாரி தட்டைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள்.

"இந்த முள்ளத்தான நான் எங்கண்ணன் கையில இருந்து ஊக்கு வச்சு எடுத்தேன்" என்றாள். ரொம்பச் சாதாரணமாக. "ஒரு ஞாயித்துக்கெளம சாயந்தரம் பூரா எடுத்தேன். வரிசையா ஏறி இருந்துச்சு."

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

"அது வேற ஒரு நாளு" என்றேன்.

மாரி என் முகத்தைப் பார்த்தாள். வந்த ஆள் முன்னால் புருஷன் வார்த்தையை மறுத்துப் பேசுகிறவள் இல்லை அவள், உனக்குத்தான் தெரியுமே. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஷீபா இன்னும் கொஞ்சம் கேட்டாள், நான் இன்னும் கொஞ்சம் மழுப்பினேன். சரி சார் என்று எழுந்து போனாள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் மாரி வெளியே வந்தாள்.

"அன்னைக்கு நீங்க மேல போகலியா?"

"போகல."

"எங்கண்ணன்தான் கொண்டாந்துச்சா?"

"ஆமா."

"அப்ப அந்தச் சீட்டுல?"

"என் பேருதான் இருக்கு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் இருக்கன்குடில உங்க பேரச் சொல்லி அர்ச்சன பண்ணேன். ஆத்தா, எம்புருசன் காடு மலையெல்லாம் ஏறிக் கண்டுபிடிச்சதுக்குப் பேரு கெடச்சிருக்குன்னு சொன்னேன். அவகிட்டயே என்னையப் பொய் சொல்ல வச்சுட்டீகளே."



பிறகு அவளேதான் வழியும் சொன்னாள். "எங்கண்ணன் எனக்கு எடம் சொல்லிருக்கு. முள்ளு எடுக்கையில வலி தெரியாம இருக்கணும்னு வழி பூரா கதையாச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எந்தப் பாற, எங்கன திரும்பணும், எத்தன ஓட தாண்டணும்னு. எனக்கு அப்படியே நெனப்பிருக்கு. போனப் போடுங்க. அந்தப் புள்ள இன்னும் பஸ் ஏறிருக்காது."

போட்டேன். ஷீபா பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தாள். அவளை உட்காரவைத்து, யானை லத்தியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்திவிடத் தோன்றியது. மாரி பக்கத்தில் நின்றதால் நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்வதற்குக்கூட எனக்கு ஓர் ஆள் காவல் நிற்க வேண்டியிருந்தது. ஷீபா திட்டவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தலையை நிமிர்த்தாமல், "மூணு தடவ நடந்தோம் சார்" என்றாள். அவ்வளவுதான்.

போன மாதம் போனோம். அனுமதி வாங்கி, வனக்காவலரோடு. அதே ஓடைக்கரை. அதே பாறைவரைதான் என்னால் வர முடிந்தது. அன்றைக்குப் பொய்யாகச் சொன்ன முட்டி வலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. ஷீபா மாரியைப் பார்த்தாள். மாரி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, "நான் வாரேன். வழி எனக்குத்தான தெரியும்" என்று கிளம்பிவிட்டாள். ஒருநாளும் மலையேறாதவள். உன் தங்கச்சி உன் வழியில் மேலே போனாள், நான் மறுபடியும் கீழே உட்கார்ந்திருந்தேன். அந்த நாலைந்து மணி நேரம் அந்தப் பாறையில் நான் பட்ட வெட்கத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, பேசவில்லை. ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இறங்கி வந்தபோது ஷீபா தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். இருக்கிறது மச்சான். நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன மாதிரியே இருக்கிறது. ஒன்றல்ல, ஒரு புதரே நிற்கிறது. காய்த்திருக்கிறது. பாம்புச் செதில் மாதிரி அடுக்கடுக்காக மூடிய சின்னச் சின்னக் காய்கள், கொத்துக் கொத்தாக. படத்தில் பார்த்தேன். இடத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். நிஜமாகவே வெட்டுகிறவன் யாராவது படித்துவிடக் கூடாது. வெறும் ஓடைக்கரை என்று நான் எழுதிய பொய் இத்தனை வருஷம் அதைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொள்ள ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். என் புத்தி இன்னும் அப்படித்தான் ஓடுகிறது.

மாரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். மூன்று முள், சாய்ந்து சாய்ந்து ஒரே வரிசையில். தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். நான் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"மெதுவா எடுங்க" என்றாள்.

மூன்றையும் எடுத்தேன்.

இனத்துக்கு உன் பெயரை வைக்கலாமா என்று ஷீபா கேட்டாள். நான் உடனே சரி என்றேன். மாரி வேண்டாம் என்றுவிட்டாள். "இவுக பேர எடுத்துட்டு எங்கண்ணன் பேர வச்சா, விட்டுக்குடுத்த பெரிய மனுசன்னு ஊருக்குள்ள இவுகளத்தான் பேசுவாக. எங்கண்ணன் என்ன சொல்லுச்சோ அதையே வைங்க." ஷீபா சிரித்துவிட்டாள். நீ சொன்ன சரவெடியை மாரி அவளுக்கு விளக்கினாள், கயிற்றில் எப்படிப் பின்னுவார்கள் என்று விரலால் காட்டி. சரமாகக் கோத்தது என்று பொருள் வருகிற ஒரு லத்தீன் சொல்லைத் தேடிப்பிடித்து அதையே பெயராக்கியிருக்கிறாள். விளக்கத்தில் முதலில் வருவது முள் வரிசைதான். லேபிள் அடிக்கிற ஆள் இனம் பிரித்துவிட்டான் மச்சான்.

கடைசியாகத் தாள். கல்லூரிக்குப் போய் அலமாரியைத் திறந்து, பேனாவை எடுத்து, அன்றைக்குப் போடாத கோட்டைப் போடப் போனேன். ஷீபா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"முதல் சீட்டத் தொடக் கூடாது சார். அதுல என்ன இருந்தாலும் அப்படியேதான் இருக்கணும். பக்கத்துல வேணா திருத்தச் சீட்டு ஒட்டலாம்."

எனக்குத் தெரிந்த விதிதான். எத்தனை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! ஆனால் என் விஷயத்தில் அதை அழித்துவிட முடியும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருத்தச் சீட்டை உன் பழைய பிரஸ்ஸிலேயே அடித்தேன். இப்போது ஈய எழுத்து இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர்தான். அளவு மட்டும் நீ அடித்த அதே அளவு. 'சேகரித்தவர்: குருசாமி. முதல் சீட்டில் பெயரும் இடமும் இனமும் தவறு. தெரிந்தே செய்த தவறு. செய்தவன்: அ. சுந்தரம்.' மாரி ஒருமுறை வாசித்துவிட்டுச் சரி என்றாள். ஒட்டிவிட்டேன். இனி என்றைக்கு, எந்த ஊர்க்காரர் வந்து அந்தத் தாளை எடுத்தாலும் முதலில் என் பொய்யைப் பார்ப்பார், பிறகு உன் பெயருக்கு வருவார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், செடி இருக்கிற வரைக்கும் இருக்கும்.

உனக்கு இரண்டு வாக்குத் தருகிறேன். அடிவாரக் குடியிருப்பில் இருக்கும் அந்தப் பெரியவரை இந்த வாரமே நேரில் போய்ப் பார்த்து, அவர் வெட்டவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று அவருடைய ஜனங்கள் முன்னால் சொல்வேன். கட்டுரை வெளிவந்ததும் கல்லூரியில் மறுபடி கூட்டம் போடுகிறார்கள். பொன்னாடை வாங்கிய அதே மேடையில் நின்று, இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். மாரி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். நான் எங்கேயாவது விழுங்கினால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

நீ ஏறினாய், நீ எடுத்தாய், நீ காயவைத்தாய், நீ இனம் பிரித்தாய்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன்,
செடியை ஒட்ட மட்டும் செய்த
சுந்தரம்